டிராக்கர் பொருத்தும்போது செய்யும் தவறுகள்

வண்டி இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் டிராக்கர் கருவியை மாட்டிவிட்டால் செயற்கைக்கோள் மேலிருந்து நம் வண்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். பாதித் தவறுகள் இந்த நினைப்பிலிருந்துதான் தொடங்குகின்றன. செயற்கைக்கோளுக்கு உங்கள் வண்டி இருப்பதே தெரியாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நேரத்தையும் தங்கள் இருப்பிடத்தையும் ஒலிபரப்புகின்றன, அவ்வளவுதான். குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னலைக் கேட்டு, கருவியே தன் இடத்தைக் கணக்குப் போடுகிறது. அதை உங்கள் போனுக்கு அனுப்புவது உள்ளே இருக்கும் சிம்.

ஆகவே சிம்மை மறப்பதுதான் பெரிய தவறு. ரீசார்ஜ் தீர்ந்தால், கருவிக்குத் தெரிந்த இடம் உங்களுக்கு வந்து சேராது. வண்டி காணாமல் போன அன்றுதான் சிம் செத்துக் கிடப்பது தெரியவரும். மலிவு என்று 2ஜி மட்டும் உள்ள கருவியை வாங்காதீர்கள். பல நாடுகளில் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள்.

ஒளித்துவைக்க நினைத்து இரும்புத் தகட்டுக்கு அடியில் பொருத்துவதும் கூடாது. பிளாஸ்டிக்கைத் தாண்டி வரும் சிக்னல், உலோகத்தைத் தாண்டாது. டாஷ்போர்டுக்கு உட்புறம் நல்ல இடம். ஓபிடி சாக்கெட்டில், அதாவது வண்டியின் கோளாறு பார்க்க மெக்கானிக் ஸ்கேனரைச் செருகும் இடத்தில், செருகும் கருவி வசதிதான், ஆனால் திருடன் ஒரு நொடியில் பிடுங்கிவிடுவான்.

பொருத்தி முடித்ததும் மெக்கானிக் கிளம்புவதற்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். கருவியின் சொந்த பேட்டரி வேலை செய்து, போனுக்கு எச்சரிக்கை வர வேண்டும். வரவில்லை என்றால் அந்தக் கருவி வேண்டாம்.

அப்புறம் ஜியோஃபென்ஸ்: வரைபடத்தில் வண்டியைச் சுற்றி நீங்கள் போடும் வட்டம், வண்டி அதைத் தாண்டினால் போனுக்கு எச்சரிக்கை வரும். நின்ற வண்டியின் புள்ளிகூட வரைபடத்தில் சில மீட்டர் அலையும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே இன்னும் அதிகமாக அலையும். 20 மீட்டர் வட்டம் போட்டால் நடுராத்திரியில் பொய் எச்சரிக்கை வரும், நீங்கள் சலித்துப்போய் அணைத்துவிடுவீர்கள். 100 மீட்டருக்குக் குறையாமல் வையுங்கள்.

நான் மிகவும் பயப்படுவது எஞ்சினை நிறுத்தும் வசதியை நினைத்துத்தான். பல கருவிகள் 123456 என்ற கடவுச்சொல்லோடு வருகின்றன. அதை மாற்றாவிட்டால், சிம் எண் தெரிந்த எவரும் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி எஞ்சினை நிறுத்த முடியும். கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றுங்கள். திருடுபோன வண்டியானாலும் ஓடும்போது நிறுத்தாதீர்கள்: ஸ்டீயரிங் கனத்துவிடும், பிரேக் சரியாகப் பிடிக்காது, எதிரே வருபவர் உயிருக்கு ஆபத்து. வேகம் பூஜ்யம் என்று திரையில் வரும்வரை காத்திருங்கள்.