தற்சார்பு வாழ்க்கையை எந்த வரிசையில் தொடங்குவது

ஒரு குடும்பம் தன் தேவைகளைத் தானே விளைவித்துக்கொண்டு வாழ முடிவெடுத்தவுடன், பெரும்பாலும் நிலம் தேடுவதில்தான் இறங்குகிறது. என் கருத்தில் நிலம் தேடுவது மூன்றாவது வேலை. முதல் வேலை, ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, கடந்த 12 மாதங்களில் வீட்டுப் பணம் எந்தெந்த வழியாக வெளியே போயிற்று என்று ஒன்றுவிடாமல் எழுதுவது. பிடிக்காத வேலையையும் விட முடியாத நிலைக்கு நம்மைத் தள்ளுவது செலவும் கடனும்தான். மாதச் செலவைப் பாதியாகக் குறைத்துக்கொண்ட குடும்பம், ஒரு விதைகூட ஊன்றுவதற்கு முன்பே தன் காலத்தில் பெரும்பகுதியை மீட்டுக்கொண்டுவிடுகிறது. இதே காரணத்தால், கடன் வாங்கி நிலம் வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. தவணை கட்டுவதற்காக வெளிவேலைக்கு ஓடிக்கொண்டிருப்பவருக்குத் தோட்டத்தில் நிற்க நேரம் இருக்காது; கவனிப்பாரற்ற தோட்டம் செலவைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

இரண்டாவது வேலை குடும்பத்தாரின் உண்மையான சம்மதம். விடியுமுன் எழுந்து விலங்குகளுக்குத் தண்ணீர் வைப்பது யார், மூன்று வேளைச் சமையலோடு விளைச்சலை உலர்த்திச் சேமிக்கும் வேலையும் யார் தலையில் விழப்போகிறது, பிள்ளைகளின் படிப்பு எப்படி நடக்கும் என்பவற்றை எல்லாரும் சேர்ந்து பேசி எழுதிவைக்க வேண்டும். கணவனின் கனவு மனைவியின் ஓயாத வேலையாக முடிகிற வீட்டில் தற்சார்பு நெடுநாள் நிலைப்பதில்லை. நிலைத்தாலும் அதை விடுதலை என்று சொல்ல முடியாது.

நிலம் பார்க்கும்போது மண்ணைவிட நீருக்கே முதலிடம் கொடுங்கள். கெட்ட மண்ணைச் சில ஆண்டுகளில் திருத்திவிடலாம். இல்லாத நீரை உண்டாக்க முடியாது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும் என்பதே இதற்கான அடிப்படைக் கணக்கு. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழை பெறும் இடத்தில் 100 சதுர மீட்டர் கூரையில் 60,000 லிட்டர் விழும். சிதறுவதையும் ஆவியாவதையும் கழித்தால் 48,000 லிட்டர் அளவுக்குச் சேமிக்கலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று சிக்கனமாகப் புழங்கும் நால்வருக்கு அது 240 நாள்களுக்குப் போதும். அதே நீரைத் தோட்டத்துக்குத் திருப்பினால் கதை வேறு. கடும் வெயில் காலத்தில் ஒரு சதுர மீட்டர் பயிர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் நீரை உறிஞ்சும் என்பதால், 100 சதுர மீட்டர் காய்கறிப் பாத்தி அந்த முழு இருப்பையும் 100 நாள்களுக்குள் குடித்துவிடும். எனவே தொட்டி நீர் வீட்டுக்கு என்றும், தோட்டம் மண் பிடித்துவைக்கும் மழையாலும் கிணற்றாலும் வாழ வேண்டும் என்றும் முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். பருவத்தின் முதல் மழை கூரையின் தூசியையும் எச்சத்தையும் அடித்துவரும். அதைத் தொட்டிக்குள் விடாமல் வெளியேற்ற வேண்டும். தொட்டிக்குள் வெளிச்சமும் கொசுவும் புகக் கூடாது. குடிக்கும் நீரைக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் முழுமையாகக் கொதிக்கவிடுங்கள். மிக உயரமான மலைப்பகுதியில் மூன்று நிமிடம் தேவை.

வாய்ப்பிருந்தால் முதல் ஓராண்டு நிலத்தில் நிலையான எதையும் கட்டாமல், மழைநீர் எங்கே தேங்குகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, நிழல் எதுவரை நகர்கிறது என்று பார்த்துக் குறித்துவையுங்கள். அந்த ஆண்டில் செய்ய வேண்டிய பெரிய வேலை மண்ணுக்கு உணவு சேர்ப்பது. காய்ந்த இலை, வைக்கோல் போன்றவற்றில் கரிமம் மிகுதி. பச்சைப் புல், சாணம், சமையற்கட்டுக் கழிவு ஆகியவற்றில் நைட்ரஜன் மிகுதி. கரிமம் 25 முதல் 30 பங்கும் நைட்ரஜன் ஒரு பங்கும் இருக்கும் கலவை நன்றாக மட்கும். நடைமுறையில், பச்சைப் பொருளைப் போல இரண்டு மூன்று மடங்கு காய்ந்த பொருளைக் கொட்டி, பிழிந்த துணியின் ஈரத்தில் குவியலை வைத்திருந்தால் போதும். குவியலின் நடுவில் வெப்பம் 55 பாகை செல்சியசைத் தாண்டிச் சில நாள்கள் நின்றால் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அழிந்துவிடும். நாற்றம் வந்தால் காற்று போதவில்லை என்று பொருள். காய்ந்ததைச் சேர்த்துக் கிளறிவிடுங்கள். மட்கு தயாராகும்வரை நிலத்தை வெறுமையாக விடாமல் பயறு வகைகளை விதைத்துவையுங்கள். அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கும்.

உணவைப் பொறுத்தவரை பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சராசரியாக ஆளுக்கு 2,000 கலோரி என்று வைத்துக்கொண்டாலும், நால்வருக்கு ஆண்டுக்கு 29 லட்சம் கலோரிக்கு மேல் வேண்டும். காய்ந்த தானியமும் பயறும் கிலோவுக்கு ஏறத்தாழ 3,400 கலோரி தருபவை; அவற்றை மட்டுமே உண்டால்கூட 850 கிலோவுக்குக் குறையாமல் தேவைப்படும். கீரை கிலோவுக்கு 250 கலோரி அளவே தரும். ஆகவே பசுமையாகச் செழித்து நிற்கும் காய்கறித் தோட்டம் குடும்பத்தின் உடல்நலத்தைக் காக்குமே தவிர, அதை மட்டும் நம்பி யாரும் வயிறு நிரப்ப முடியாது. முதலில் கீரை, காய், பழமரம். அடுத்ததாகக் கிழங்கும் பயறும். நிலமும் கைவேலைக்கு ஆளும் இருந்தால் மட்டுமே தானியம் என்ற வரிசை பொருந்தும். தானியத்தை அறுவடைக் காலத்தில் ஒரு விவசாயியிடம் மொத்தமாக வாங்கி வைப்பதில் எந்தக் குறையும் இல்லை. எல்லாவற்றையும் தானே விளைவிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தால் மூன்றாம் ஆண்டில் சோர்ந்து ஊர் திரும்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

விதையை மட்டும் பிறரிடம் விட்டுவிடாதீர்கள். கலப்பின விதையிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போல் வராது. நாட்டு விதை வரும். தக்காளியும் அவரை இனங்களும் பெரும்பாலும் தம் மகரந்தத்தாலேயே காய்ப்பவை என்பதால் புதியவர்கள் அவற்றில் தொடங்கலாம். பூசணி இனங்களை ஒன்றுக்கொன்று அருகில் வளர்த்தால் தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும். வெங்காய விதை ஓரிரண்டு ஆண்டுகளில் முளைப்புத் திறனை இழக்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

சேமிப்பில் உலர்த்துவதே பாதுகாப்பான முதல் பாடம். தானியத்தின் ஈரப்பதம் 12 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கியபின் காற்றுப் புகாத கலத்தில் அடைத்தால் பூஞ்சையும் வண்டும் எளிதில் வாரா. காய்கறிகளையும் பயறுகளையும் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து வெறும் கொதிநீரில் வைத்து மூடும் பழக்கம் ஆபத்தானது. புளிப்புக் குறைந்த உணவில் பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் கொதிநீரின் வெப்பத்தில் சாவதில்லை. அவற்றை அழிக்க 121 பாகை அளவு வெப்பம் வேண்டும். அதற்குரிய அழுத்தக் கலன் இல்லாதவர்கள் உலர்த்துவதோடும், உப்பிட்டுப் புளிக்கவைப்பதோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

விலங்குகள் கடைசியில் வர வேண்டும். வேலி கட்டி முடிக்காமல் ஆடு வாங்கியதால் மூன்று ஆண்டு வளர்ந்த பழக்கன்றுகளை ஒரே பிற்பகலில் இழந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கோழியில் தொடங்குங்கள். பெட்டைகள் ஏறத்தாழ ஐந்து மாதத்தில் முட்டையிடத் தொடங்கும். முட்டைக்காகச் சேவல் வேண்டியதில்லை, குஞ்சுக்குத்தான் வேண்டும், அடைவைத்தால் 21 நாளில் பொரியும். ஆனால் ஒரு கோழி நாளொன்றுக்கு 110 கிராமுக்கு மேல் தீவனம் தின்னும். ஆறு கோழிகளுக்கு ஆண்டுக்கு 250 கிலோ அளவு என்பதால், தீவனத்தில் ஒரு பங்கையாவது புழு பூச்சியாகவும் சமையற்கட்டு மிச்சமாகவும் நிலமே தருமாறு செய்யாவிட்டால் அந்த முட்டை கடை முட்டையைவிட விலை கூடியதாகிவிடும். ஆட்டின் சினைக்காலம் 150 நாள்; பசுவுக்கு ஏறத்தாழ 283 நாள். கறவை தொடர வேண்டுமானால் ஈற்றும் தொடர வேண்டும், பிறக்கும் கன்றுகளை என்ன செய்வது என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும். சாண எரிவாயுவை நம்பிப் பசு வாங்குவோர் கவனிக்க: ஒரு கனமீட்டர் வாயுவுக்கு 25 கிலோ சாணம் வேண்டும், நால்வர் சமையலுக்கு ஒன்றரைக் கனமீட்டராவது தேவை, ஒற்றை மாடு அதைத் தராது.

மின்சாரத்தில், சூடாக்கும் கருவிகள் எல்லாவற்றையும் முதலில் விலக்கிவிட்டுப் பிறகு சூரியத்தகடுகளின் அளவைக் கணக்கிடுங்கள். தேவை பெரிதும் சுருங்கும். வரி, மருந்து, இரும்புக் கருவிகள் ஆகியவற்றுக்குக் காசு எப்போதும் வேண்டும் என்பதால், வீட்டிலிருந்தே வருமானம் தரும் ஒரு கைத்தொழிலைக் குடும்பத்தில் ஒருவராவது கைவிடாமல் வைத்திருக்க வேண்டும்.

கறவை வந்தபின் ஒரு நாள்கூட வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போக முடியாது என்பதைப் பலர் அப்போதுதான் உணர்கிறார்கள். மாடு வாங்குவதற்கு முன்பே, அதே வேலை தெரிந்த ஓர் அண்டைக் குடும்பத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: நீங்கள் வெளியூர் போகும் வாரத்தில் அவர்கள் கறப்பார்கள், அவர்கள் போகும் வாரத்தில் நீங்கள் கறப்பீர்கள். தீவன அளவு, கறக்கும் நேரம், தண்ணீர்க் குழாயைத் திறக்கும் முறை, நோய் அறிகுறிகள், மருத்துவரின் எண் ஆகியவற்றை ஒரு பலகையில் எழுதிக் கொட்டகைச் சுவரில் மாட்டிவைத்து, முதல் முறை அவர்கள் கறக்கும்போது கூடவே நில்லுங்கள்.