சீரியல் செட் பிளக் போய்விட்டதா? வெட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்

எல்.இ.டி சீரியல் செட்டில் பல்புக்கு முன்னால் பெரும்பாலும் பிளக்தான் போகிறது. கழற்றும்போது பிளக்கைப் பிடிக்காமல் ஒயரைப் பிடித்து இழுக்கிறோம். பிளக்கை ஒட்டிய இடத்திலேயே ஒயர் மடிந்து மடிந்து, உள்ளே இருக்கும் மெல்லிய இழைகள் அறுந்துவிடும். வெளியே இன்சுலேஷன் புதுசு மாதிரியே இருக்கும். ஒயர் ஒரு பக்கம் சாய்ந்தால் செட் எரிகிறது, நிமிர்ந்தால் அணைகிறது என்றால் கோளாறு அங்கேதான். பிளக் கருகியிருந்தாலோ பின் ஆடினாலோ, எரிகிறதா என்று சோதிக்கவே வேண்டாம். அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

மல்டிமீட்டர், கட்டர், ஸ்குரூ டிரைவர், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி ஒயரை இறுக்கிக்கொள்ளும் குழாய்), திருகு வைத்த பிளக் ஆகியவை வேண்டும். பிளக் வாங்கும்போது, உள்ளே ஒயரை அமுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாத பிளக்கை நான் தொடுவதே இல்லை. செட்டின் எடை முழுவதும் இரண்டு திருகுகளில் தொங்கும். இன்சுலேஷன் டேப்பும் எனக்கு ஒத்துவராது. சூடு பட்டால் பசை இளகி உரிந்து வந்துவிடும்.

முதலில் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து வெளியே எடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. கன்ட்ரோலர் பெட்டி உள்ள செட் என்றால் சில நிமிடம் விட்டுவிடுங்கள், உள்ளே கெப்பாசிட்டர் இருந்தால் அதில் சார்ஜ் நிற்கும். சில பிளக்குகளில் சின்ன மூடி ஒன்று இருக்கும். நகர்த்தினால் ஃபியூஸ் தெரியும். அதைப் பார்த்துவிடுங்கள். ஃபியூஸ்தான் போயிருக்கிறது என்றால், அதே அளவு ஃபியூஸ் போட்டு வேலையை முடித்துக்கொள்ளலாம்.

அடுத்து வருவதுதான் பலரும் தாண்டிப் போகிற படி. எல்.இ.டி செட்டின் பிளக், வெறும் பிளக்காகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. சில செட்டில் ஏ.சி-யை டி.சி ஆக்கும் ரெக்டிஃபையரை பிளக்குக்குள்ளேயே வைத்து வார்த்துவிடுகிறார்கள். வேறு சிலவற்றில் கரன்டைக் குறைக்கும் ரெசிஸ்டர் இருக்கும். அப்படிப்பட்ட பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு சாதாரணப் பிளக்கைப் போட்டால், ஒன்று செட் படபடவென்று மினுக்கும், இல்லையென்றால் மொத்தமாகக் கருகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பிளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒயருக்குள் குண்டூசியைக் குத்துங்கள். மீட்டரின் ஒரு முனை பிளக்கின் பின்னில், இன்னொன்று குண்டூசியில். கன்டின்யூட்டி மோடில் (இணைப்பு அறுபடாமல் இருந்தால் சத்தம் தரும் மோடு) ‘பீப்’ என்றால் அந்தப் பின்னுக்கும் ஒயருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. பீப் இல்லாவிட்டால் டயோடு மோடுக்கு மாற்றி, முனைகளை இடம் மாற்றியும் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் 0.5 முதல் 0.7 வரை காட்டினால் உள்ளே டயோடு, அதாவது ரெக்டிஃபையர், இருக்கிறது. அப்படி இல்லாவிட்டால் ஓம் மோடில் ஒரு தடவை பாருங்கள். நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ நிலையாக ஓர் அளவு வந்தால் ரெசிஸ்டர். இரண்டு பின்னிலும் பார்த்து, எதிலும் ஒன்றும் இல்லையென்றால் அந்த ஒயர் அறுந்திருக்கிறது. பிறகு ஒயரை வெட்டியதும், குத்திய துளையை ஸ்லீவ் போட்டு மூட மறக்காதீர்கள்.

உள்ளே ஒன்றும் இல்லையென்றால் தாராளமாக வெட்டலாம். ரெக்டிஃபையர் ஒயரிலேயே தனி உருளையாகத் தெரிந்தால், பிளக்குக்கும் உருளைக்கும் நடுவில் வெட்டுங்கள். பிளக்குக்குள்ளேயே இருந்து, பின்னும் நன்றாக இருந்து, ஒயர் அறுந்த இடம் பிளக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருந்தால், பிளக்கிலிருந்து கொஞ்சம் ஒயர் மிஞ்சும்படி வெட்டி, அறுந்த துண்டை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி இணையுங்கள். வெட்டும் முன் எந்த ஒயர் எதனுடன் சேர வேண்டும் என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள், மாற்றிக் கொடுத்தால் எரியாது. ரெக்டிஃபையர் உள்ளே இருந்து, பின் உடைந்திருந்தாலோ ஒயர் பிளக்கை ஒட்டியே அறுந்திருந்தாலோ, ரெக்டிஃபையரோடு வரும் பிளக்தான் வேண்டும்.

சரி, வெட்டியாயிற்று. இந்த ஒயரில் ரப்பர் தடிமன், செம்பு தலைமுடி கனம். பிளேடை அழுத்தினால் பாதி இழை போய்விடும். ஒயர் உரிக்கும் ஸ்ட்ரிப்பர்தான் என் தேர்வு. உரித்த இழைகளை முறுக்கி, மறுபடி மடித்து இரட்டையாக்கி, திருகைச் சுற்றி, கடிகார முள் சுற்றும் திசையில் வையுங்கள். அப்போதுதான் திருகு இறுகும்போது இழையையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். இதற்கு ஈயம் பூச வேண்டாம். திருகின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி, இணைப்பு லூஸாகிச் சூடாகும். ஃபெரூல் (இழைகளின் மேல் மாட்டி நசுக்கும் சின்ன உலோகக் குழாய்) கிடைத்தால் அதுவே உத்தமம்.

ஒயரோடு ஒயரை இணைப்பதென்றால் சால்டர்தான், அதாவது ஈயம் உருக்கிப் பற்றவைப்பது. ஸ்லீவை முதலிலேயே ஒயரில் கோத்துவிடுங்கள், பற்றவைத்த பிறகு அது உள்ளே நுழையாது. இரண்டு இணைப்பும் ஒரே இடத்தில் வராமல், ஒன்றை 2 செ.மீ. தள்ளி வையுங்கள். ஸ்லீவ் நகர்ந்தாலும் ஒன்றோடொன்று ஒட்டாது.

பிளக்கை மூடியதும் கிளாம்பை இறுக்கி, ஒயரை லேசாக இழுத்துப் பாருங்கள். இரண்டு பின்களுக்கும் நடுவில் கன்டின்யூட்டி பாருங்கள். பீப் வந்தால் ஷார்ட், மறுபடி திறக்க வேண்டும். வரவில்லையென்றால் ஸ்விட்ச் உள்ள எக்ஸ்டென்ஷனில் செருகி, தள்ளி நின்று போடுங்கள்.

பின்சேர்க்கை: பிளக்கிலிருந்து மூன்று ஒயர் வருகிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். கடைசியில் இன்னொரு செட்டைச் செருகச் சாக்கெட் இருக்கும் செட்களில் அப்படித்தான் வரும். ஒரே பின்னில் இரண்டு ஒயர் சேரும். எவை இரண்டு என்பதைக் குண்டூசி முறையில் கண்டுபிடித்த பிறகு வெட்டுங்கள்.

இன்னொன்று: அடாப்டர் செட்டில் அதே வோல்ட் உள்ள சாதாரண டி.சி அடாப்டரை மாட்டினால் பாதி பல்புதான் எரிகிறது என்றார்கள். இரண்டே ஒயரில் மாறி மாறி மின்னும் செட்டில், பாதி எல்.இ.டி எதிர்த்திசையில் இணைக்கப்பட்டிருக்கும். கன்ட்ரோலர் திசையை மாற்றி மாற்றிக் கொடுப்பதால்தான் இரண்டு பாதியும் எரிகின்றன. அதற்கு அதே வகைக் கன்ட்ரோலர் உள்ள அடாப்டர்தான் வேண்டும். வெளியில் மழை படும் இடத்துக்கு, திருகுப் பிளக் எதுவும் ஆகாது. அங்கே தண்ணீர் புகாத வகை என்று குறிப்பிட்ட பிளக்கை மட்டும் போடுங்கள்.