பிடித்த ஆல்பத்துக்காக வாதாடுவது எப்படி

ராஜாவா ரஹ்மானா என்று தொடங்கும் பேச்சு இரண்டு மணி நேரம் ஓடும். அதற்குள் ஒரு பாட்டைக்கூட யாரும் முழுசாகப் போட்டுக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆட்களை ஓரமாக வைத்துவிட்டு ஆல்பங்களை நடுவில் வைத்தால்தான் பேச்சு இசையைப் பற்றியதாக மாறும். அதற்கு ஐந்து பேர், ஒரு நல்ல ஸ்பீக்கர், இரண்டு மணி நேரம் போதும். ஐந்துக்கு மேல் ஆள் சேர்க்காதீர்கள். ஆளுக்கு இரண்டு பாட்டு என்றாலே கேட்பதற்கு மட்டும் ஐம்பது நிமிடம் போய்விடும்.

கேள்வியை முடிவு செய்யுங்கள்

'சிறந்த ஆல்பம் எது' என்பதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எனக்கு எது அதிகம் பிடிக்கும்? எது இசையாக நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது? எது தனக்குப் பின்னால் வந்த பாட்டுகளின் போக்கை மாற்றியது? 1992-இல் வந்த 'ரோஜா' மூன்றாவது கேள்விக்கு வலுவான பதில். அதனாலேயே ஒருவருக்கு அது மனசுக்கு நெருக்கமாக இருந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெரும்பாலான சண்டைகள் ஒருவர் முதல் கேள்விக்கும் இன்னொருவர் மூன்றாவது கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பதால் வருபவை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள்.

பத்து வருட வரம்பு ஒன்றும் வேண்டும். 1985 முதல் 1994 வரை என்பதுபோல. வரம்பு இல்லாவிட்டால் ஒலிப்பதிவுத் தொழில்நுட்பமே ஜெயிக்கும், இசை பின்னால் போய்விடும். 'ஹவ் டு நேம் இட்' (1986) மாதிரி சினிமா சாராத ஆல்பங்கள் சேருமா என்பதையும் முன்பே பேசி வையுங்கள். பின்னணி இசையைத் தவிர்ப்பது நல்லது. படம் பார்த்தவருக்கு அது காட்சியோடு சேர்ந்துதான் கேட்கும், பார்க்காதவருக்கு வெறும் துணுக்காகக் கேட்கும். இருவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேச வழியில்லை.

ரசனைச் சீட்டு

ஆளுக்கொரு தாள் கொடுங்கள். ஆல்பத்தின் பெயர், முதலில் கேட்ட வயது, எதில் கேட்டது (ரேடியோ, கேசட், டவுன் பஸ், போன்), யாரோடு கேட்டது, படம் முதலா பாட்டு முதலா, முழு ஆல்பத்தையும் வரிசையாகக் கேட்டதுண்டா என்று எழுதச் சொல்லுங்கள். கீழே, வாதத்துக்கு எடுக்கப்போகும் மூன்று இடங்களை நிமிடம், நொடியோடு குறிக்க வேண்டும்.

சீட்டின் மேல்பாதிதான் ரசனையின் வேர். ஒன்றைத் திரும்பத் திரும்பச் சந்திப்பதாலேயே அதன் மேல் விருப்பம் கூடும் என்று உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968-இல் காட்டினார். கரோல் கிரம்ஹான்ஸலும் ஜஸ்டின் சுப்னிக்கும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இருபது வயதையொட்டியவர்கள் தங்கள் காலப் பாட்டுகளோடு நிற்காமல், பெற்றோரின் இளமைக்காலப் பாட்டுகளோடும் நெருக்கம் காட்டினார்கள். 2000-க்குப் பிறகு பிறந்த பிள்ளை எண்பதுகளின் பாட்டுக்கு உருகுவதைப் பார்த்து 'உனக்கென்ன தெரியும்' என்று கேட்பதில் நியாயமில்லை. வீட்டில் அது ஓடிக்கொண்டே இருந்திருக்கும்.

கேட்ட கருவியும் ரசனையைச் செய்யும். அறுபது நிமிட கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஐந்தாறு பாட்டு உள்ள சினிமா ஆல்பம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும் என்பதால் மறுபக்கத்தில் வேறொரு படம் இருக்கும். இப்படி ஜோடி சேர்ந்த இரண்டு ஆல்பங்களை மனதில் பிரிக்க முடியாதவர்கள் நிறையப் பேர். ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கியவர்களுக்கோ, பாட்டு தெரியும், ஆல்பம் தெரியாது. 'எல்லாப் பாட்டுமே சூப்பர்' என்பவரிடம் ஆறாவது பாட்டைக் கேட்டால் தடுமாறுவார். எனவே கூட்டத்துக்கு முந்தைய வாரமே அவரவர் ஆல்பத்தை ஒரே அமர்வில், ஷஃபிள் இல்லாமல், முழுசாகக் கேட்டுவிட வேண்டும்.

சீட்டுகளை முதலிலேயே உரக்கப் படியுங்கள். 'பிளஸ் டூ படிக்கும்போது இதைத்தான் கேட்டேன்' என்பது நேர்மையான காரணம், அதற்குரிய மரியாதையைக் கொடுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: அந்த வருடத்தை எடுத்துவிட்டால் பாட்டில் என்ன மிச்சமிருக்கிறது? மிச்சமிருப்பதைச் சொல்வதுதான் வாதம்.

இடத்தைக் காட்டிப் பேசுவது

'வேற லெவல்', 'செம ஃபீல்', 'ஆத்மார்த்தமான இசை' ஆகிய மூன்றையும் அன்றைக்குத் தடை செய்யுங்கள். அவை பேசுபவரின் உற்சாகத்தைச் சொல்லும், பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பதிலாகப் பல்லவி, சரணம், இடையிசை, தாளம், பேஸ் கிட்டார், கோரஸ் என்று பெயர் சொல்லிக் கைகாட்டுங்கள். ராகம் தெரிந்தவர் சொல்லட்டும், ஆனால் ராகத்தின் பெயர் மட்டும் வாதமாகாது. அந்த ராகத்தை வைத்து என்ன செய்திருக்கிறார் என்பதுதான் பேச்சு.

'தளபதி' (1991) ஆல்பத்துக்காக ஒருவர் வாதாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'ராக்கம்மா கையத் தட்டு பாட்டு சாமி ஆட வைக்கும்' என்றால் மறுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது. அதையே இப்படிச் சொல்லலாம்: 'ஆட்டத்துக்கென்று போட்ட பாட்டின் உள்ளே, பெண் குரல்களில் அப்பர் தேவாரத்தின் “குனித்த புருவமும்” பாடல் வருகிறது. பாட்டின் குணமே அங்கே மாறுகிறது, ஆனாலும் தையல் தெரியவில்லை.' இப்போது எதிராளிக்கு வேலை வந்துவிட்டது. அந்த இடத்தைப் போட்டு, அதற்கு முந்தைய அரை நிமிடத்திலிருந்து கேட்கலாம். 'இல்லை, அது ஒட்டவைத்த மாதிரிதான் இருக்கிறது' என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு, எங்கே பிசிறடிக்கிறது என்று காட்டினால். படம் பார்த்தவருக்கு அங்கே ஷோபனாவும் கோயிலும் கண்ணில் வருவார்கள். பார்க்காதவருக்கு அப்படி எதுவும் வராது. இருவர் கேட்பதும் வேறு வேறாக இருப்பதற்கு இது போதுமான காரணம். அதனால்தான் சீட்டில் 'படம் முதலா பாட்டு முதலா' என்ற கேள்வி.

ஒவ்வொரு ஆல்பத்துக்கும் இரண்டு பாட்டு, அதற்குப் பிறகு பத்து நிமிடப் பேச்சு. பாட்டு ஓடும்போது யாரும் பேசக்கூடாது, கூடவே பாடவும் கூடாது. இரண்டாவது பாட்டாக, அந்த ஆல்பத்தில் அதிகம் பேசப்படாத ஒன்றைத்தான் போட வேண்டும். ஹிட் பாட்டை எல்லோரும் ஏற்கெனவே நூறு முறை கேட்டிருப்பார்கள். ஆல்பம் எவ்வளவு கெட்டி என்பது இரண்டாவதில் தெரிந்துவிடும்.

ஒலியில் நியாயம்

இதைக் கவனிக்காமல் விடுவதால் கெட்டுப்போகும் வாதங்கள் அதிகம். இரண்டு பாட்டில் எது கொஞ்சம் சத்தமாக ஒலிக்கிறதோ அதுவே நிறைவாகத் தோன்றும். சத்தம் குறைந்தால் கனத்த கீழ் ஒலிகளும் கூரிய மேல் ஒலிகளும் காதுக்கு முதலில் மங்கிவிடுகின்றன. புதிய பதிவுகள் பொதுவாகப் பழையவற்றைவிடச் சத்தமாக மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்யப்பட்டவை. ஸ்ட்ரீமிங் செயலியில் ஒலி அளவைச் சமன்செய்யும் அமைப்பு இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் போனில் ஒலிமானி செயலியை இறக்கி, உட்காரும் இடத்தில் வைத்து, குரலும் தாளமும் சேர்ந்து ஒலிக்கும் பகுதியை அளந்து, வித்தியாசம் ஒரு டெசிபெலுக்குள் வரும்படி வால்யூமைத் திருகுங்கள். மெல்லிய ஆரம்ப இசையை வைத்து அளந்தால் கணக்குத் தப்பும். ஈக்வலைசரை அணைத்துவிடுங்கள்.

பழைய ஆல்பங்களில் வேகம் இன்னொரு தொல்லை. இசைத்தட்டிலிருந்தோ கேசட்டிலிருந்தோ எடுத்த பிரதி ஆறு சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி ஏறக்குறைய ஒரு அரைச்சுரம், அதாவது கீபோர்டில் ஒரு கட்டை, மேலே போய்விடும். பாடகரின் குரல் மெலிந்து, தாளம் பரபரக்கும். 'அவர் குரலே கீச்சு' என்று தீர்ப்புச் சொல்வதற்குமுன், தம்புரா செயலியை வைத்து இரண்டு பிரதிகளின் சுருதியை ஒத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் ஒன்று தவறான வேகத்தில் ஓடுகிறது.

ஓட்டு

ஓட்டை வாய்விட்டுக் கேட்காதீர்கள். சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் 2006-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட சோதனையில் 14,000-க்கும் மேற்பட்டவர்கள் அறிமுகமில்லாத 48 பாட்டுகளைக் கேட்டார்கள். மற்றவர்கள் எத்தனை முறை இறக்கியிருக்கிறார்கள் என்ற எண்ணைப் பார்த்தவர்கள் அதன் பின்னால் போனார்கள். குழுவுக்குக் குழு வெவ்வேறு பாட்டு முன்னால் வந்தது. வீட்டிலும் முதலில் பேசும் ஆள்தான் அந்த எண்.

தன் ஆல்பத்தை விட்டு மற்ற நான்கையும் வரிசைப்படுத்தி 4, 3, 2, 1 என்று ஒவ்வொருவரும் எழுதி மடித்துத் தரட்டும். ஒரு ஆல்பத்துக்கு அதிகபட்சம் 16, குறைந்தபட்சம் 4. மொத்தம் 50 வராவிட்டால் யாரோ தன் ஆல்பத்துக்கும் ஓட்டுப் போட்டிருக்கலாம். சமமாக வந்தால் அப்படியே விடுங்கள்.

வெளியில் நடந்த வாக்கெடுப்பைச் சாட்சிக்கு இழுப்பவர் எப்படியும் ஒருவர் இருப்பார். 2002-இல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் ராக்கம்மாவுக்கு நாலாமிடம், 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது' என்ற ஈழத்துப் பாட்டுக்கு ஐந்தாமிடம், அயர்லாந்தின் தேசபக்திப் பாட்டு ஒன்றுக்கு முதலிடம். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். எந்த மக்கள் எவ்வளவு ஊக்கமாகத் திரண்டார்கள் என்பதை அந்த வரிசை சொல்லும். எந்த இடையிசை நன்றாகக் கட்டப்பட்டது என்று சொல்லாது. விருதுப் பட்டியலுக்கும் இதே பதில்தான்.

அடுத்த முறை கூடும்போது சீட்டுகளை மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி இடம் பிடித்த ஆல்பத்துக்கு முதல் இடம் பிடித்தவர் வாதாட வேண்டும், மூன்று இடங்களை நிமிடம் நொடியோடு குறித்துக்கொண்டு. ஒரு வாரம் முன்னதாகவே ஆல்பத்தைக் கொடுத்துவிடுங்கள், குறைந்தது நாலு முறையாவது கேட்டுவிட்டு வரட்டும்.