பிலிப்பைன்ஸ் கிராமத்தில் தன்னார்வப் பணி: நெல்லையிலிருந்து புறப்படுவோருக்கு

பிலிப்பைன்ஸுக்குத் தன்னார்வலராகப் போகிறேன் என்று பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ ஒரு பிள்ளை சொன்னால், வீட்டார் முதலில் கேட்பது செலவுக்குப் பணம் தருவார்களா என்பதாக இருக்கும். நான் முதலில் கேட்பது, போகிற ஊரில் எந்த மொழி பேசுகிறார்கள் என்பதைத்தான். 7,641 தீவுகள் கொண்ட அந்த நாட்டில் மணிலாவில் பேசும் தகலோக் வேறு, டாவோவிலும் செபுவிலும் பேசும் செபுவானோ வேறு, நான் எட்டு மாதம் தங்கியிருந்த சாமார் தீவின் வாராய் மொழி வேறு. ஆங்கிலத்தால் அலுவலகத்தில் சமாளித்துவிடலாம். அடுக்களையில் முடியாது, நம் வேலையில் பாதி அடுக்களையில்தான் நடக்கிறது. ஆகவே விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே, போகும் ஊரின் மொழியில் ஐம்பது சொற்களையாவது எழுதிப் படித்துக்கொள்ளுங்கள்.

சுற்றுலாவுக்கான அனுமதி தன்னார்வப் பணிக்குப் போதும் என்று எண்ணிவிட வேண்டாம். உங்களை அழைக்கும் அமைப்பிடம் எழுத்து வடிவில் அழைப்புக் கடிதம் வாங்கி, எந்த விசா வேண்டும் என்பதைத் தூதரகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். வெளிநாட்டுத் தன்னார்வலர்களை ஒருங்கிணைப்பதற்கென்றே அங்கு 1964 முதல் ஓர் அரசு முகமை இருக்கிறது. அங்குள்ள பிளக் தட்டையான இரண்டு முனை கொண்டது என்பதால் அடாப்டர் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் சேர்ந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், அழைத்த அமைப்பின் ஆளையும் கூட்டிக்கொண்டு பரங்காய்த் தலைவரைப் பார்த்து வணக்கம் சொல்வது. பரங்காய் என்பது அங்குள்ள ஆட்சி அமைப்பின் கடைசிப் படி. நம் ஊராட்சியைப் போன்றது, ஆனால் நகரத்திலும் உண்டு. தலைவரோடு, மக்கள் தேர்ந்தெடுத்த ஏழு உறுப்பினர்கள் இருப்பார்கள். அவர்களுக்குத் தெரியாமல் ஒரு தெருவில் நான்கு வீடுகளில் கணக்கெடுத்தால்கூட, அது அவர்களை மதிக்காத செயலாகிவிடும். அடுத்ததாக, பரங்காயின் சுகாதாரப் பணியாளரைத் தேடிச் செல்லுங்கள். எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், எந்த வீட்டில் படுக்கையில் முதியவர் இருக்கிறார் என்பதெல்லாம் நம் அங்கன்வாடி அக்காவைப் போல அவருக்கு அத்துப்படி.

யாரையும் வெறும் பெயர் சொல்லி அழைக்காதீர்கள். மூத்த பெண்ணை ‘ஆத்தே’ என்றும், மூத்த ஆணை ‘குயா’ என்றும், பாட்டியை ‘லோலா’ என்றும் அழைக்க வேண்டும். அக்கா, அண்ணாச்சி என்று பேசி வளர்ந்த நமக்கு இது இயல்பாகவே வரும். பெரியவர்களின் வலக்கையை மெல்லப் பிடித்துக் குனிந்து நம் நெற்றியில் வைத்துக்கொள்வது ‘மானோ’. காலைத் தொட்டு வணங்கும் நம் வழக்கத்துக்கு ஒப்பானது. தகலோக் பேசும் இடங்களில் மரியாதைக்காக ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘போ’ சேர்ப்பார்கள். தமிழ்க் காதுக்கு அது விரட்டுவது போல இருக்கும். முதல் வாரத்திலேயே அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் வழியில் போகிறவரைப் பார்த்து ‘காயின் தாயோ’, அதாவது ‘சாப்பிடுவோம், வாங்க’ என்று அழைப்பது அங்கு வழக்கம். அது பெரும்பாலும் உபசார வார்த்தை. நன்றி சொல்லி நகரலாம்; மறுபடியும் வற்புறுத்தினால் உட்கார்ந்து ஒரு வாயாவது சாப்பிடுவதே முறை. மூன்று வேளையும் சோறு, அதனோடு கருவாடு அல்லது மீன், புளிப்புக்குப் புளியிட்ட ‘சினிகாங்’ குழம்பு. முருங்கைக்கீரையை ‘மலுங்காய்’ என்ற பெயரில் கண்டபோது எனக்குச் சொந்த ஊர் ஆளைப் பார்த்தது போல இருந்தது. சைவச் சாப்பாட்டுக்காரர்கள் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: ‘காய்கறிதான்’ என்று அவர்கள் கொடுப்பதிலும் ‘பாகோவோங்’ என்னும் இறால் அல்லது மீன் விழுது கலந்திருக்கும். மீனும் இறாலும்கூட வேண்டாம் என்று முதல் நாளே பெயர் சொல்லித் தெரிவித்துவிட்டால், ‘முங்கோ’ என்னும் பாசிப்பயற்றுக் குழம்பைத் தனியாக வைத்துத் தருவார்கள்.

நான் செய்த பெரிய பிழை, நேரம் குறித்ததில்தான். கடற்கரைத் தெருவில் கைகழுவுதல் பற்றிய பயிற்சியைக் காலை ஒன்பது மணிக்கு வைத்தேன். கேட்டவர்கள் எல்லாரும் ‘ஓவோ’, ஆமாம், என்றார்கள். வந்தது மூன்று பேர். அது மீன் பிரித்து வெயிலில் உலர்த்தும் நேரம் என்பது எனக்குத் தெரியவில்லை, என்னைச் சங்கடப்படுத்த மனமில்லாமல் அவர்களும் சொல்லவில்லை. நம்மிடம் ‘பார்ப்போம்’ என்றால் மாட்டேன் என்று பொருள்படுவது உண்டல்லவா, அதுபோல ஆமாம் என்பதற்கும் அங்கு பல பொருள் உண்டு. முதல் மாதம் முழுவதும் எந்தத் திட்டமும் தொடங்காமல், விடியற்காலை முதல் யார் எங்கே எந்த வேலையில் இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். நேரம் குறிக்க வேண்டுமானால் கூட்டத்தில் கேட்காமல், சுகாதாரப் பணியாளர் மூலம் தனித்தனியே கேட்டறியுங்கள்.

கையில் கொண்டுபோக நம்மூர்ப் பொருள் எதுவென்று கேட்டால், பத்தமடைப் பாய் என்பேன். சாமாரின் பாசேய் என்ற ஊரில் ‘திகோக்’ என்ற கோரைவகைப் புல்லைச் சாயமேற்றி ‘பானிக்’ என்னும் பாய் நெய்கிறார்கள். நான் கொண்டுபோன சிறு பாயை விரித்ததும் ஒரு லோலா அதன் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்து, இழையை எண்ணி, பிறகு எழுந்துபோய்த் தன் பாயைக் கொண்டுவந்து அருகில் விரித்தார். அன்று பிற்பகல் முழுவதும் அந்தத் திண்ணையிலேயே பேச்சு நடந்தது. அடுத்த பயிற்சிக்கு அவரே பெண்களை அழைத்துவந்தார்.

புயலை எளிதாக எண்ண வேண்டாம். ஆண்டுக்கு ஏறக்குறைய இருபது புயல்கள் அந்நாட்டுப் பகுதிக்குள் வருகின்றன. எச்சரிக்கை 1 முதல் 5 வரை எண்ணிட்டு அறிவிக்கப்படும். 2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல் தாக்கியபோது ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடல் உயர்ந்து ஊருக்குள் வரும் என்ற எச்சரிக்கை ஒலித்தும், அதில் வந்த ‘ஸ்டார்ம் சர்ஜ்’ என்ற ஆங்கிலத் தொடருக்கு என்ன பொருள் என்று பலருக்கும் விளங்கவில்லை, ‘சுனாமி போல வரும்’ என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டதைப் பார்த்த நமக்கு இதன் கனம் புரியும். எனவே எந்த அறிவிப்பையும் எழுதியவுடன் ஒரு மீனவரிடமும் ஒரு பாட்டியிடமும் வாசித்துக்காட்டி, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். வெள்ளம் வடியும்போது காலில் காயத்தோடு நீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரக்கூடும். தடுப்பு மாத்திரை குறித்துச் சுகாதார நிலையத்தில் உடனே கேளுங்கள்.

ஊர் திரும்பும் முன் உங்களுக்கு ‘டெஸ்பெடிடா’ என்னும் வழியனுப்பு விருந்து வைப்பார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பாகவே உங்கள் நோட்டை அவ்வூர் மொழியில் படியெடுத்து, சுகாதாரப் பணியாளரின் கையில் கொடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் அவரோடு உட்கார்ந்து சரிபாருங்கள்.