தைல மர இலையில் ஆவி பிடிப்பது எப்படி?

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் டெல்டாவில் மூக்கடைப்பு இல்லாத வீடு குறைவு. தாளடி நடவில் நனைந்து வருபவர்களைச் சொல்லவே வேண்டாம். தைலச் சீசா இல்லாவிட்டாலும் இலையை வைத்தே ஆவி பிடிக்கலாம்.

முதலில் மரம் தெரிய வேண்டும். தஞ்சாவூரிலிருந்து கந்தர்வகோட்டைப் பக்கம் போனால் செம்மண் மேட்டில் வரிசை வரிசையாக நிற்குமே, அதுதான். தைல மரம் என்பார்கள், ஆர்.எஸ். பதி என்றும் சொல்வார்கள். பட்டை உரிந்து வழவழவென்று இருக்கும் தண்டு, அரிவாள்போல வளைந்து தொங்கும் இலை. இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோலப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியும். அவை எண்ணெய்ப் பைகள். கசக்கி முகர்ந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

நீலகிரியில் தைலம் காய்ச்சுகிற மரம் வேறு இனம். நம் பக்கத்து இலையில் அந்தக் காரம் இருக்காது. ஆவிக்கு இதுவே போதும் என்பேன்.

சாலைத் தூசி படியாத, மருந்து அடித்த வயலை ஒட்டி இல்லாத மரமாகப் பார்த்து இரண்டு கைப்பிடி முற்றிய இலை பறியுங்கள். அலசிவிட்டு இரண்டாகக் கிழித்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் கரையில் நொச்சி இருந்தால் அதிலும் ஒரு பிடி சேர்க்கலாம்.

குண்டானில் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, இலையைப் போட்டு மூடி, ஐந்து நிமிடம் சிறுதீயில் விடுங்கள். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு இறக்குங்கள். எரியும் அடுப்பின்மேல் குனிந்து ஆவி பிடிக்கவே கூடாது.

குண்டானைத் தரையில், ஆடாத இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை ஸ்டூல்மேல் வைத்த பாத்திரம் சாய்ந்து என் தங்கையின் தொடை வெந்துவிட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: சிறு பிள்ளைகளுக்கு ஆவி வேண்டாம், பக்கத்திலும் விடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

போர்வையைப் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடி, முகத்தை ஒரு முழம் தள்ளி வைத்து மெதுவாக மூச்சை இழுங்கள். ஐந்து நிமிடம் போதும். சூடு சுள்ளென்று பட்டால் உடனே போர்வையை விலக்குங்கள். சளி இதனால் குணமாகாது. கொஞ்ச நேரம் மூக்கு லேசாகும், தூக்கம் வரும். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு காற்றுப் படாமல் சற்று உட்காருங்கள். மீந்த தண்ணீரைக் குடிக்காதீர்கள், ஆறியதும் கொல்லையில் கொட்டிவிடுங்கள்.