பழைய ஸ்விஃப்ட்டை ராலி காராக்குவது எப்படி? முதல் முறை இறங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

ஸ்டேஜ் ராலி ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினில்தான் ஆரம்பிக்கிறார்கள். எக்ஸாஸ்ட், ஈ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ரீமேப், கேம்ஷாஃப்ட் என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். காரின் பாடி மட்டும் கம்பெனியில் வந்தபடியே இருக்கும். இங்கே நான் சொல்லப்போகும் வரிசை அதற்கு நேர் எதிர். முதலில் பாடி, பிறகு உள்ளே உட்காரும் இரண்டு பேரின் பாதுகாப்பு, அப்புறம் சஸ்பென்ஷன், பிரேக், அடிப்பாகம். முதல் சீசனில் எஞ்சினைத் தொடவே வேண்டாம். பல்லடம் பக்கம் கேத்தனூர் காற்றாலைகளுக்கு நடுவே ஓடும் மண் தடத்திலும், சிக்கமகளூரு காபித் தோட்டச் சாலையிலும், புதிதாக வருபவருக்குக் கூடுதலாகப் பத்து குதிரைத்திறன் பெரிதாக உதவாது. கார் கடைசி ஸ்டேஜ் வரை உடையாமல் ஓடினால் அவர் பெயர் முடிவுப் பட்டியலில் இருக்கும், அவ்வளவுதான்.

ஸ்டேஜ் ராலி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: பொதுப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, சில கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு தடத்தில் ஒவ்வொரு காராக இடைவெளி விட்டு அனுப்புவார்கள். எடுத்துக்கொண்ட நேரம்தான் கணக்கு. ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்ததற்குச் சாதாரண சாலையில், சாலை விதிகளை மதித்து, நீங்களே ஓட்டிப் போக வேண்டும். காரில் இரண்டு பேர்: ஓட்டுநர், பக்கத்தில் பேஸ் நோட்ஸ், அதாவது முன்னால் வரும் வளைவுகளைப் பற்றிய குறிப்புகளைப் படித்துச் சொல்லும் நேவிகேட்டர்.

முதலில் விதிப் புத்தகம்

இந்தியாவில் மோட்டார் விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அந்த ஆண்டுக்கான ராலி விதிகளை எடுத்து முழுசாகப் படியுங்கள். எந்தக் காரை எந்த வகுப்பில் சேர்க்கிறார்கள், அந்த வகுப்பில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். பாதுகாப்புச் சாதனங்களுக்கு அடிப்படை உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் பின்னிணைப்பு 'ஜே', பிரிவு 253. ஒரு பிரிண்ட் எடுத்து ஒர்க்‌ஷாப் சுவரிலேயே ஒட்டிவையுங்கள். ஃபேப்ரிகேட்டரிடம் வாயால் சொல்வதைவிட அந்தப் படங்களைக் காட்டிப் பேசுவது எளிது.

இதைப் படிக்காமல் கார் வாங்க முன்பணம் கொடுக்காதீர்கள். உங்களுக்குப் பிடித்த மாடல் எந்த வகுப்பிலும் சேராமல் போகலாம்.

காரைத் தேர்ந்தெடுப்பது

நான் சிபாரிசு செய்வது முதல் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல். 2005இல் 1.3 லிட்டர் எஞ்சினோடு வந்தது, 2010இல் 1.2 லிட்டருக்கு மாறியது. எடை ஒரு டன் அளவுதான். உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும் என்பதுதான் இதன் பெரிய பலம். சனிக்கிழமை சாயங்காலம் லோயர் ஆர்ம் வளைந்தால், ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் இன்னொன்று கைக்கு வர வேண்டும். எஸ்டீம், பழைய ஹோண்டா சிட்டி வி-டெக் போன்றவை இந்திய ராலிகளில் நன்றாக உழைத்த கார்கள்தான். ஆனால் இப்போது துருப்பிடிக்காத பாடியும் பாகங்களும் தேடுவதற்கே பாதி நேரம் போய்விடும்.

காரைப் பார்க்கப் போகும்போது பெயிண்ட்டையும் சீட் கவரையும் மறந்துவிடுங்கள். பானெட்டைத் திறந்து எஞ்சினின் இரண்டு பக்கமும் இருக்கும் உள்தகடுகளை (ஏப்ரன்) பாருங்கள். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் சீரான இடைவெளியில் சின்னச் சின்ன வட்டங்களாக இருக்கும். அது கலைந்தோ, பட்டி பூசி மறைத்தோ இருந்தால் கார் முன்னால் பலமாக அடி வாங்கியிருக்கிறது, வேண்டாம். ஷாக் அப்சார்பர் மேலே பிடிக்கும் டவர், ஓட்டுநர் காலடி, ஸ்டெப்னி குழி, கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி, இந்த நான்கு இடங்களையும் ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் ஓடிய காரைவிட மேற்கு மாவட்டங்களில் ஓடிய கார் பொதுவாகத் துரு குறைவாக இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சேற்றுக் கறை தெரிந்தால் அது வெள்ளத்தில் நின்ற கார். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட கார்கள் நிறைய சந்தைக்கு வந்தன.

எஞ்சின் புகை விட்டாலும் பரவாயில்லை, கிளட்ச் போயிருந்தாலும் பரவாயில்லை. அதையெல்லாம் மாற்றிக்கொள்ளலாம். நேரான, துருவில்லாத பாடிதான் நீங்கள் உண்மையில் வாங்கும் பொருள். ஆர்.சி.யை உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இன்சூரன்ஸும் புகைச் சான்றிதழும் நடப்பில் இருக்க வேண்டும்.

உரித்தெடுத்தல்

பின் சீட், கார்ப்பெட், கதவு பேட், கூரைத் துணி எல்லாவற்றையும் கழற்றுங்கள். டேஷ்போர்டை இப்போதைக்கு எடுத்துப் பத்திரமாக வையுங்கள். பல வகுப்புகளில் அது திரும்ப வர வேண்டும். தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட்டை ஹீட் கன்னால் இளக்கிச் சுரண்டுங்கள். சலிப்பான வேலை, ஆனால் கூடவே மூன்று காரியம் முடிகிறது: எடை குறைகிறது, எரியக்கூடிய பொருள் வெளியே போகிறது, மறைந்திருந்த துருவும் விரிசலும் கண்ணுக்குத் தெரிகின்றன. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் கவரில் போட்டுப் பெயர் எழுதுங்கள்.

வெல்டிங் தொடங்குவதற்கு முன் பேட்டரியைக் கழற்றி, ஈ.சி.யூ.வை வெளியே எடுத்து, பெட்ரோல் டேங்கையும் இறக்கிவிடுங்கள். இதில் எந்தச் சமரசமும் கூடாது.

உங்கள் வகுப்பில் அனுமதி இருந்தால் ஏப்ரன், டவர், சில் இணைப்புகளில் ஸ்டிட்ச் வெல்டிங் செய்யலாம். ஒரு அங்குலம் வெல்டு, பிறகு இடைவெளி, பிறகு இன்னொரு அங்குலம். தொடர்ச்சியாக ஓட்டினால் சூட்டில் தகடு வளைந்துவிடும். ஒரு பக்கம் கொஞ்சம், மறு பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிச் செய்யச் சொல்லுங்கள்.

ரோல் கேஜ்

கார் உருண்டாலும் உள்ளே இருப்பவர்கள் நசுங்காமல் காக்கும் இரும்புப் பைப் கூண்டுதான் ரோல் கேஜ். இந்தக் காரிலேயே மிக முக்கியமான வேலை இதுதான். நேரத்தையும் பணத்தையும் இங்கே தாராளமாகச் செலவழியுங்கள்.

முதலில் பைப். கோல்டு டிரான் சீம்லெஸ் (குளிர்நிலையில் இழுத்துச் செய்த, இணைப்புக் கோடில்லாத) கார்பன் ஸ்டீல் பைப்தான் வேண்டும். குறைந்தபட்ச இழுவிசைத் தாங்குதிறன் ஒரு சதுர மி.மீ.க்கு 350 நியூட்டன். முன் சீட்டுகளுக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவுக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிமன், அல்லது 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன். மற்ற பைப்புகளுக்கு 38 × 2.5 அல்லது 40 × 2 மி.மீ. ஹார்டுவேர் கடை ஜி.ஐ. பைப் கண்டிப்பாகக் கூடாது. பைப்போடு மில் டெஸ்ட் சான்றிதழை வாங்கி ஃபைலில் வையுங்கள்.

பைப்பைச் சூடாக்கி வளைக்கக் கூடாது, குளிர்நிலையில்தான் வளைக்க வேண்டும். வளைவின் ஆரம் பைப் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். வளைத்த இடத்தில் நசுங்கலோ சுருக்கமோ தெரிந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கோயம்புத்தூரில் பம்ப் தொழிலும் லேத் பட்டறைகளும் நிறைந்திருப்பதால் நல்ல வெல்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கேட்டு, கிரில் வெல்டிங் நன்றாகச் செய்கிறவர் எல்லாம் கேஜ் வெல்டிங்குக்கு ஆக மாட்டார். ஏற்கெனவே ராலி காருக்குக் கேஜ் கட்டியவரிடம் போங்கள். அவர் கட்டிய காரைப் போய்ப் பாருங்கள்.

பைப்பை வெட்டுவதற்கு முன் இரண்டு சீட்டையும் தற்காலிகமாகப் பொருத்தி, ஓட்டுநரும் நேவிகேட்டரும் ஹெல்மெட்டோடு உட்காருங்கள். தலைக்கும் பைப் வரப்போகும் இடத்துக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அப்போதே அளந்துவிடுங்கள். நேவிகேட்டர் கொஞ்சம் தாழ்வாக, கொஞ்சம் பின்தள்ளி உட்காருவது நல்லது. இந்த ஒரு மணி நேர வேலையைத் தவிர்த்தவர்கள் பிறகு சீட் நிலையை மாற்ற வழியில்லாமல் தவிக்கிறார்கள்.

கேஜின் கால்கள் குறைந்தது ஆறு. ஒவ்வொரு காலின் தகடும் 3 மி.மீ. தடிமனாவது இருக்க வேண்டும். முதன்மை வளைவும், முன் கண்ணாடியை ஒட்டிப் போகும் முன் வளைவும் பாடியோடு சேரும் இடத்தில் 120 சதுர செ.மீ. பரப்புள்ள 3 மி.மீ. வலுவூட்டும் தகடு போட்டு, 8.8 தரமுள்ள எம்8 போல்ட் குறைந்தது மூன்று போட வேண்டும். பின்னால் சாயும் பைப்புகள் வளைவே இல்லாமல், செங்குத்துக் கோட்டிலிருந்து 30 டிகிரியாவது சாய்ந்திருக்க வேண்டும். இதற்கு மேல் முதன்மை வளைவில் ஒரு மூலைவிட்டப் பைப், கதவுகளில் குறுக்காக வெட்டிக்கொள்ளும் பைப்புகள், கூரையில் வலுவூட்டல்.

கூரைக்கு அருகே பைப் இணையும் இடத்தில் மேல்பக்கம் வெல்டிங் டார்ச் போகாது. அதனால் சிலர் கைக்கு எட்டிய பாதியை மட்டும் வெல்டு செய்து விட்டுவிடுவார்கள். காரில் போட்ட பிறகு வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. கார் உருளும்போது அந்த இணைப்புதான் முதலில் பிரியும். சரியான வழி: கால் வரும் இடத்தில் தரையில் சின்னத் துளை போட்டு, கேஜைச் சில அங்குலம் கீழே இறக்கி, மேல் இணைப்புகளை முழு வட்டமாக வெல்டு செய்துவிட்டு, மறுபடி தூக்கி, துளையைத் தகட்டால் மூடிக் கால்களைப் பொருத்துவது. உங்கள் ஃபேப்ரிகேட்டர் எப்படிச் செய்யப்போகிறார் என்று வேலை கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

பெயிண்ட் அடிப்பதற்கு முன் காரைச் சோதிக்கும் அதிகாரியான ஸ்க்ரூட்டினியர் ஒருவரை அழைத்துக் காட்டிவிடுங்கள். பெயிண்ட் அடித்த வெல்டை யாராலும் சரியாகச் சோதிக்க முடியாது. ஹெல்மெட் படக்கூடிய இடங்களில் எஃப்.ஐ.ஏ. 8857-2001 தர பேடிங் சுற்ற வேண்டும். ஏ.சி. பைப்புக்குச் சுற்றும் கறுப்பு ஃபோம் விரலால் அமுக்கினாலே உள்ளே போய்விடும். தலைக்கு அது உதவாது.

கேஜ் போட்ட காரை ஆபீஸ் போகவும் காய்கறி வாங்கவும் எடுத்துப் போகாதீர்கள். ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புப் பைப் இருப்பது ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவும் வாகனத்தை இஷ்டப்படி மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது.

சீட், பெல்ட், தீயணைப்பான், கில் ஸ்விட்ச்

சீட்டுக்கு எஃப்.ஐ.ஏ. 8855-1999, பெல்ட்டுக்கு 8853-2016, ஹெல்மெட்டுக்கு 8859-2015, கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் வகைச் சாதனத்துக்கு 8858-2010. லேபிளில் இந்த எண்களையும் காலாவதி ஆண்டையும் பாருங்கள். செகண்ட் ஹேண்டில் பெல்ட் வாங்காதீர்கள். ஒரு விபத்தைப் பார்த்த பெல்ட்டின் இழை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இழுபட்டிருக்கும்.

தோள் பட்டைகள் சீட்டிலிருந்து பின்னோக்கி ஏறக்குறைய கிடைமட்டமாகப் போக வேண்டும். 10 டிகிரி சரிவு நல்லது. எக்காரணம் கொண்டும் 45 டிகிரியைத் தாண்டக்கூடாது. செங்குத்தாகக் கீழே இழுத்துக் கட்டினால் மோதலின்போது முதுகெலும்பையே நசுக்கும். இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் அல்ல, இடுப்பு எலும்பின் மேல் உட்கார வேண்டும்.

2 கிலோ தீயணைப்பானை உலோகப் பட்டையால் கட்டுங்கள். பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும்போதே கை எட்ட வேண்டும். பெல்ட் அறுக்கும் கத்தி இரண்டு பேருக்கும் தனித்தனியாக. பொருத்தப்பட்ட தீயணைப்பு அமைப்பு உங்கள் வகுப்பில் கட்டாயமா என்று விதியில் பாருங்கள். கட்டாயமில்லை என்றாலும் போடுங்கள் என்பேன்.

ஆபத்தில் எஞ்சினையும் கரண்டையும் ஒரேயடியாக நிறுத்துவதுதான் கில் ஸ்விட்ச். அது பேட்டரியை மட்டும் துண்டித்தால் போதாது. ஆல்டர்னேட்டர் தொடர்ந்து கரண்ட் கொடுப்பதால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கென்றே கூடுதல் முனைகளுள்ள ஸ்விட்ச் கிடைக்கிறது. பொருத்தியதும் எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் ஆக்ஸிலேட்டரை அமுக்கி வைத்தபடி ஸ்விட்ச்சைத் திருப்புங்கள். எஞ்சின் உடனே நிற்க வேண்டும். ஸ்க்ரூட்டினியில் இதைத்தான் செய்து பார்ப்பார்கள். வெளியிலிருந்து இழுக்கும் கைப்பிடியின் பக்கத்தில், வெள்ளை விளிம்புள்ள நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் குறி ஒட்டுங்கள்.

சஸ்பென்ஷனும் அடிப்பாகமும்

கிராவல் (மண், சரளைத் தடம்) ராலிக்கு காரைத் தாழ்த்தக் கூடாது, கொஞ்சம் உயர்த்த வேண்டும். ஆனால் உயரத்தைவிட ஷாக் அப்சார்பரின் தரம்தான் முக்கியம். கம்பெனி ஷாக் அப்சார்பர் கரடுமுரடான தடத்தில் சீக்கிரமே சூடேறித் தளர்ந்துவிடும். பிறகு கார் ஒவ்வொரு பள்ளத்திலும் குதிக்கும். மீதமிருக்கும் பணத்தில் பெரும்பங்கை நல்ல கிராவல் ஷாக் அப்சார்பருக்கும் அதற்கேற்ற ஸ்பிரிங்குக்கும் கொடுங்கள். லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், வீல் பேரிங், எஞ்சின் மவுண்ட் எல்லாம் புதிதாக.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் கீழே கல் அடியைத் தாங்கும் 6 மி.மீ. அலுமினியத் தகடு, அதாவது சம்ப் கார்டு. அதை மெல்லிய ரேடியேட்டர் சட்டத்தில் தொங்கவிடாமல், சப்ஃபிரேமிலும் முன் குறுக்குச் சட்டத்திலும் பிடியுங்கள். பிரேக் லைனையும் பெட்ரோல் லைனையும் கல் அடிக்காத இடத்துக்கு மாற்றுங்கள். பிரேக் ஆயிலை டாட் 4க்கு மாற்றுங்கள். புதிதாக ஊற்றும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, டாட் 3க்கு 205. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சக்கூடியது என்பதால் ஒவ்வொரு ராலிக்கும் முன் மாற்றுங்கள்.

டயர் கிராவல் ராலிக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். சைடு வால் தடித்தது. எம்.ஆர்.எஃப்., ஜே.கே. இரண்டும் ராலியில் நீண்டகாலமாக இருக்கின்றன. நான்கு சக்கரத்துக்கும் மட் ஃபிளாப். ஏர் ஃபில்டர் பெட்டியின் விளிம்பில் புழுதி நுழையாதபடி அடைத்துவிடுங்கள். நம் ஊர்ப் புழுதி எஞ்சினைத் தின்றுவிடும்.

எஞ்சினுக்குப் புது பெல்ட்டுகள், பிளக், கூலன்ட், ஆயில், கிளட்ச். இவ்வளவு போதும்.

நேவிகேட்டர் பக்கம்

இன்டர்காம், ஓடிய தூரத்தைத் துல்லியமாக அளக்கும் ட்ரிப் மீட்டர், வளைந்து திரும்பும் மேப் லைட், கால் ஊன்றிக்கொள்ள ஒரு தகடு. புதியவர்கள் இன்டர்காமில் மிச்சம் பிடிப்பார்கள். நேவிகேட்டர் சொல்லும் 'இடது மூன்று' (இடது வளைவு; எண் அதன் கூர்மையைக் குறிக்கும்) காதில் சரியாக விழவில்லை என்றால், ரெக்கியில், அதாவது ராலிக்கு முன் தடத்தை ஓட்டிப் பார்க்கும்போது எழுதிய அத்தனை நோட்ஸும் வீண்.

ஓட்டிப் பார்ப்பது

அனுமதி வாங்கிய தனியார் நிலத்தில் ஓட்டுங்கள். முதலில் மெதுவாக ஐந்தாறு கிலோமீட்டர். நிறுத்தி, டார்க் ரெஞ்ச் வைத்து வீல் நட்டிலிருந்து கேஜ் போல்ட் வரை எல்லாவற்றையும் சரிபாருங்கள். இறுக்கிய போல்ட்டின் மேல் பெயிண்ட் கோடு போட்டுவிட்டால் அது நகர்ந்ததா என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். அப்புறம் வேகத்தைக் கூட்டுங்கள்.

இடையில் போட்டி லைசென்ஸுக்கு விண்ணப்பித்து, மருத்துவச் சான்றிதழையும் தயார் செய்யுங்கள். நேராக ராலிக்குப் போகாமல் ஒரு ஆட்டோகிராஸில், அதாவது திறந்த மண் மைதானத்தில் நேரக் கணக்கில் நடக்கும் சிறிய போட்டியில் இறங்குவது நல்லது. மண்ணில் கார் எப்படி வழுக்குகிறது என்பதை மரமும் பாறையும் இல்லாத இடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

முதல் ராலி முடிந்து வந்ததும் காரை ஜாக்கியில் ஏற்றி, அடிப்பாகத்தை நன்றாகக் கழுவி, டார்ச் லைட்டோடு ஷாக் டவர், லோயர் ஆர்ம் பிடிக்கும் இடம், கேஜ் கால்கள் எல்லாவற்றையும் பாருங்கள். பெயிண்ட்டில் முடி போல ஒரு கோடு தெரிந்தால் அதன் கீழே உலோகத்திலும் விரிசல் இருக்கலாம். பெயிண்ட்டைச் சுரண்டிப் பாருங்கள். விரிசல் இருந்தால் கிரைண்ட் செய்து மறுபடி வெல்டு செய்து, வலுவூட்டும் தகடு போட்ட பிறகே அடுத்த ராலிக்குப் பெயர் கொடுங்கள்.