நிழலை வைத்து மேகத்தின் உயரத்தை அளப்பது எப்படி?

செயற்கைக்கோள் படத்திலிருந்து மேகத்தின் தடிமன், துளியின் பருமன், உச்சியின் வெப்பநிலை என்று பலவற்றைக் கணக்கிடுகிறார்கள். நிரல் எதுவும் எழுதத் தெரியாமல், பிரவுசரையும் கால்குலேட்டரையும் மட்டும் வைத்து நாம் அளக்கக்கூடியது உயரம். பள்ளியில் கொடிக்கம்பத்தின் நிழலை அளந்து கம்பத்தின் உயரம் போட்டோமே, அதே கணக்குதான்.

1. படம் எடுப்பது

ஐரோப்பாவின் செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் கோபர்னிகஸ் பிரவுசர் தளத்தைத் திறந்து, சென்டினல்-2 என்ற செயற்கைக்கோளின் படங்களைத் தேர்ந்தெடுங்கள். பார்ப்பதற்குக் காசு இல்லை. ஒரு பிக்சல் 10 மீட்டர் என்பதால் சின்ன மேகத்தின் நிழலும் தெளிவாகத் தெரியும். மேக அளவு வடிகட்டியை எல்லோரும் குறைத்து வைப்பார்கள்; நாம் கூட்டி வைக்க வேண்டும்.

இடம் சமதரையாக இருக்கட்டும். மலையில் நிழல் சரிவில் ஏறி இறங்கி நீளம் மாறிவிடும். கடலின் கருப்பில் நிழலே தெரியாது. நான் தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்களை எடுத்துக்கொண்டேன். பிப்ரவரியில் அங்கே பஞ்சுப் பொதி போன்ற திரள் மேகங்கள் தனித்தனியாக நிற்கும் நாட்கள் கிடைக்கும்.

2. சூரியன் எங்கே?

படம் எடுத்த நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம். சென்டினல்-2 நம் பக்கம் காலை பத்தரை மணிக்குக் கொஞ்சம் பின்னால் கடக்கும். அந்த நேரத்தையும் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் அமெரிக்காவின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவா வைத்திருக்கும் சூரியக் கணிப்பானில் போடுங்கள். தஞ்சாவூருக்கு, பிப்ரவரி நடுவில், 10.40 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 54 டிகிரி உயரத்தில், தென்கிழக்கில் இருக்கும். அப்படியானால் நிழல் வடமேற்கில் விழ வேண்டும்.

3. ஜோடி சேர்ப்பது

தப்பு நடப்பது இங்கேதான். முதல் முறை நான் அளந்தபோது ஒரு சாதாரணத் திரள் மேகத்துக்கு 6 கிலோமீட்டர் உயரம் வந்தது. பெரிய கண்டுபிடிப்பு என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பார்த்தால் பக்கத்து மேகத்தின் நிழலை அளந்திருக்கிறேன்! அதனால் கூட்டமில்லாத இடத்தில் தனி மேகமாகப் பிடியுங்கள். அதன் ஓரத்தில் ஒரு மூக்கு, ஒரு கொம்பு மாதிரி அடையாளம் இருந்தால் நல்லது. அதே கொம்பை நிழலிலும் தேடி, அளவுகோல் கருவியால் கொம்பிலிருந்து கொம்புக்குக் கோடு இழுங்கள். கோடு வடமேற்கே போகவில்லை என்றால் ஜோடி தப்பு.

4. கணக்கு

உயரம் = கோட்டின் நீளம் × சூரியக் கோணத்தின் டேன் மதிப்பு.

உதாரணத்துக்கு, நீளம் 900 மீட்டர் என்று வையுங்கள். டேன் 54 என்பது 1.38. பெருக்கினால் சுமார் 1,240 மீட்டர். கொம்பைக் குறிப்பதில் ஐந்து பிக்சல் தவறினாலும் 70 மீட்டர்தான் பிசகும். ஆனால் இது அந்தக் கொம்பின் உயரம். மேகத்தின் அடிக்கும் உச்சிக்கும் நடுவில் எங்கோ இருக்கிற ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

படத்தின் நடுப்பகுதியில் இருக்கும் மேகமாகப் பாருங்கள். சென்டினல்-2 ஒரு கடப்பில் 290 கிலோமீட்டர் அகலத்தைப் படமெடுக்கிறது. அதன் ஓரங்களைச் சுமார் 10 டிகிரி சாய்வாகப் பார்ப்பதால், 1,240 மீட்டர் உயர மேகம் 220 மீட்டர் வரை தள்ளி விழும்.

5. சரிபார்ப்பது

திருச்சி விமான நிலையத்தின் வானிலை அறிக்கையில் அந்த நேரத்து வெப்பநிலையும் பனிப்புள்ளியும் (காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் துளியாகுமோ அது) இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கினால், திரள் மேகத்தின் அடி தோராயமாக எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று வரும். 29 டிகிரியும் 20 டிகிரியும் என்றால் 1,125 மீட்டர். நாம் அளந்த கொம்பு அதற்குச் சற்று மேலே இருக்கிறது. சரி, பொருந்துகிறது.

இடி மேகம் என்றால்?

வானம் முழுக்க மூடிவிட்டால் நிழல் கிடைக்காது. அப்போது இந்திய வானிலைச் செயற்கைக்கோளான இன்சாட்-3டிஆர் எடுக்கும் வெப்ப அகச்சிவப்புப் படம், அதாவது மேகத்தின் வெப்பநிலையைக் காட்டும் படம், உதவும். அதில் பிக்சல் 4 கிலோமீட்டர். உச்சி எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு உயரம். தரையில் 28 டிகிரி, உச்சியில் மைனஸ் 60 என்றால் வித்தியாசம் 88. மேலே போகப் போகக் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறையும் என்று வகுத்தால் 13.5 கிலோமீட்டர். இன்னும் துல்லியம் வேண்டுமானால் காரைக்காலில் விடும் வானிலை பலூனின் அளவீட்டை வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் எடுத்து, மைனஸ் 60 எந்த உயரத்தில் வருகிறது என்று பாருங்கள்.

மெல்லிய கீற்று மேகத்தில் மட்டும் இதை நம்பாதீர்கள். கீழேயிருந்து தரையின் வெப்பம் அதை ஊடுருவி வருவதால், மேகம் உண்மையைவிடச் சூடாகவும் தாழ்வாகவும் தெரியும். நிழலும் அதற்கு ஒழுங்காக விழாது. பழகும்வரை ஓரம் தெளிவாக இருக்கும் கெட்டி மேகமாகவே எடுங்கள்.